நெடுக்காக ஓடிய வளையம்

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில், ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகப் பக்கங்களைத் துலக்கும் சி++ நிரல் ஆமையாய் நகர்ந்தது. "திரெட்டுகளைக் கூட்டிவிடலாம் அண்ணா" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடும் இழைகள்தான் திரெட்டுகள். எனக்கு ஊகத்தில் நம்பிக்கையில்லை. நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் தின்கிறது என்று பட்டியலிடும் லினக்ஸின் 'பெர்ஃப்' கருவியை ஓடவிட்டேன். நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது, படத்தைச் செங்குத்தாக மங்கலாக்கும் வளையம் (லூப்), அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல் துண்டு.

படமோ நினைவகத்தில் வரிசை வரிசையாக இருக்கிறது. வளையம் நெடுக்காக இறங்கியது. ஒரு பிக்சலுக்காக 64 பைட், செயலியை ஒட்டிய சிறிய வேக நினைவகமான கேஷுக்கு வரும். மீதி பயன்படுமுன் வெளியேறிவிடும். பிக்சல் மதிப்புகளை வரிசை வரிசையாகவே கூட்டும்படி வளையங்களை இடம் மாற்றினேன். நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் பல பிக்சல்களை ஒரே கட்டளையில் கூட்டத் தொடங்கியது. வேகம் கூடியதும் திரெட் பேச்சு அடங்கியது.

இப்போது பெர்ஃப் பட்டியலில் முதலிடம், படத்தை பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும்போது நடக்கும் சுருக்கத்துக்கு. எவ்வளவு இறுக்கிச் சுருக்குவது என்ற அதன் நிலையை 9-இலிருந்து 3-ஆகக் குறைத்தேன். கோப்பு சற்றுப் பருத்தது, பரவாயில்லை.