வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா? ஆங்கிலத்தில் ‘பை’ (by), ‘அன்டில்’ (until) குழப்பம்

“ப்ளீஸ் சப்மிட் தி ஃபார்ம் அன்டில் ஃப்ரைடே.” அலுவலக மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நம்மவர்கள் எழுதும் இந்த வாக்கியம், வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் படிவத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது. இங்கே வர வேண்டியது ‘பை ஃப்ரைடே’.

தவறு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மனத்தில் ஓடுவது ‘வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு’. அது சரிதான், நீடிப்பது நேரம், ஆகவே ‘வரை’. அதையே முழுசாக ஆங்கிலத்தில் எழுதினாலும் பிழையில்லை: “யூ ஹாவ் அன்டில் ஃப்ரைடே டு சப்மிட் தி ஃபார்ம்.” ஆனால் எழுதும்போது ‘டைம் இருக்கு’ விழுந்துவிடுகிறது, ‘வரைக்கும்’ மட்டும் ஒட்டிக்கொள்கிறது.

ஆகவே நாளைப் பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். கொடுப்பது, கட்டுவது, பதில் போடுவது, போய்ச் சேருவது எல்லாம் ஒரு தடவையில் முடிகிற வேலை. அதற்கு ‘க்குள்’, அதாவது ‘பை’. காத்திருப்பது, தங்குவது, கடை திறந்திருப்பது எல்லாம் நீடிப்பவை. அதற்கு ‘வரை’, அதாவது ‘அன்டில்’.

சிங்கப்பூரின் மத்திய சேம நிதி (சிபிஎஃப்) சந்தாவில் இரண்டுமே வருகின்றன. முதலாளி அந்தந்த மாதத்தின் கடைசி நாளுக்குள் செலுத்த வேண்டும்: ‘பை’. அடுத்த மாதம் 14ஆம் தேதி வரை சலுகைக் காலம் உண்டு: ‘அன்டில்’. செலுத்துவது ஒரு செயல், சலுகை நீடிக்கும் காலம். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் நிற்காது. வருமான வரிப் படிவத்தை இணையத்தில் தாக்கல் செய்ய ஏப்ரல் 18 கெடு, அதுவும் ‘பை’தான்.

எதிர்மறையில்தான் உண்மையான ஆபத்து. வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரருக்கு இப்படிச் செய்தி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: “ஐ வில் நாட் பே அன்டில் தி ஃபிஃப்த்.” அவர் சொல்ல நினைத்தது ‘5ஆம் தேதிக்குள் கட்ட முடியாது, கொஞ்சம் பொறுங்கள்’. வீட்டுக்காரர் படிப்பது ‘5ஆம் தேதி வந்தால்தான் கட்டுவேன்’. கெஞ்ச வந்தது முறைப்பாக முடிகிறது. அதோடு, 5ஆம் தேதி பணம் வந்துவிடும் என்று அவர் எதிர்பார்க்கவும் தொடங்கிவிடுவார். எழுத வேண்டியது: “ஐ வோன்ட் பி ஏபிள் டு பே பை தி ஃபிஃப்த்.” எப்போது கட்ட முடியும் என்ற தேதியையும் அடுத்த வரியிலேயே போட்டுவிடுவது நல்லது.

இன்னொரு தகராறு, கடைசி நாள் கணக்கில் சேருமா என்பது. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேரும். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனோடு சரி. ‘அன்டில்’ மட்டும் வழவழ. “ஆன் லீவ் அன்டில் தர்ஸ்டே” என்று எழுதினால் வியாழக்கிழமை வேலைக்கு வருவீர்களா மாட்டீர்களா என்று ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தாலும் ஆண்டு விடுப்பு போட்டாலும் திரும்பும் நாளை எழுதுங்கள்: “பேக் ஆன் ஃப்ரைடே.” விடுப்பின் கடைசி நாளைத்தான் குறிக்க வேண்டும் என்றால் தேதிக்குப் பின்னால் ‘இன்க்ளூசிவ்’ சேருங்கள்.

தேதி இல்லாமல் நாள்களின் எண்ணிக்கை வந்தால் இரண்டுமே பொருந்தாது, ‘விதின்’ போட வேண்டும். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும்: ‘விதின் செவன் டேஸ்’. ‘இன் செவன் டேஸ்’ என்று எழுதினால் 7 நாள் கழித்து என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

‘டில்’ என்பதற்கும் ‘அன்டில்’ என்பதற்கும் பொருளில் வேறுபாடு கிடையாது. எழுத்தில்தான் கவனம்: ‘டில்’லுக்கு இரண்டு ‘எல்’, ‘அன்டில்’லுக்கு ஒன்றே ஒன்று.