மத்தியானத்தில் கூட்டிய பூஸ்ட், விடியப்புறம் உடைத்த பிஸ்டன்

போன கிழமை ஒரு தம்பி கராஜுக்கு வந்தான். 660 சிசி ஜப்பான் டேர்போ கார். டேர்போ என்றால் எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் எங்கேயோ கொடுத்து ரியூன் (எஞ்சினின் பெற்றோல், காற்று அளவுகளை மாற்றும் வேலை) செய்வித்துவிட்டான். "அண்ணை, மத்தியானத்தில இழுவையே இல்லை. பூஸ்டைக் கொஞ்சம் கூட்டி விடுங்கோ" என்றான். ஒரு காலத்தில் நானும் இதையே நினைத்து, கேட்க ஆளில்லாமல் நானே திருகைத் திருகியவன். அதனால்தான், வெயில் ஊரில் டேர்போ காரோடு நாங்கள் விடும் பிழைகளை எழுதுகிறேன்.

ஒயில் மாற்றாதது, ஹோஸ் கிளிப் இறுக்காதது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர்கள் டேர்போவில் கை வைக்கக்கூடாது.

வெயில் தின்றதைப் பூஸ்டால் ஈடுகட்டுவது

பூஸ்ட் என்பது வெளிக்காற்றுக்கு மேலாக டேர்போ ஏற்றும் அழுத்தம். பூஸ்ட் மீற்றர் காட்டுவது அந்த அழுத்தத்தை. எஞ்சின் எரிப்பதோ காற்றின் நிறையை. இரண்டும் ஒன்றென்று நினைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

தை மாதப் பனியில் வன்னியில் விடியற்காலை 22 பாகை இருக்கும். ஆவணி மத்தியானம் 35. ஊசி இரண்டு நேரமும் 1 பாரில்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்கும். ஆனால் விடிய 100 பங்கு காற்றுப் போன இடத்தில் மத்தியானம் 96 பங்குதான் போகும். சூட்டில் காற்று ஐதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, நாலு பங்குதானே, அதற்கா இவ்வளவு சோர்வு? இல்லை. டேர்போ காற்றை அமுக்கும்போது அதைச் சூடாக்கவும் செய்கிறது. 35 பாகையில் உள்ளே போகும் காற்று, 70 வீதத் திறனுள்ள கம்பிரசரில் (டேர்போவில் காற்றை அமுக்கும் பக்கம்) 1 பார் பூஸ்டுக்கு அமுங்கி வெளியே வரும்போது ஏறத்தாழ 130 பாகை. அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்ரர்கூலர் அதை அறுபத்துச் சொச்சத்துக்கு இறக்கினால் நல்ல இன்ரர்கூலர். அந்தச் சூட்டைச் சென்சரில் பார்த்ததும், நொக்கிங் (பெற்றோல் தானாக வெடித்துப் பிஸ்டனை அடிப்பது) வந்துவிடக்கூடாது என்று எஞ்சினின் கணினியான ஈசியூ, பொறி அடிக்கும் நேரமான டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது. மத்தியானத்தில் நீங்கள் உணரும் சோர்வில் பெரும்பங்கு இதுதான். கார் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து நாங்கள் பூஸ்டைக் கூட்டுகிறோம்!

நான் கூட்டினேன். சோளகம் புழுதியை அள்ளிக் கொட்டும் ஒரு ஆவணியில், கிளிநொச்சியில், பூஸ்டைக் கூட்டிக் குறைக்கும், கையால் திருகும் பித்தளைக் கன்ட்ரோலரை அரைச் சுற்றுத் திருகி 1 பாரை 1.12 ஆக்கினேன். இழுவை வந்த மாதிரித்தான் இருந்தது. அந்த 0.12 காற்றை இன்னும் 9 பாகை சூடாக்கியிருக்கும் என்று கணக்குப் பார்க்க அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த தை மாதம், விடிய நாலரைக்கு யாழ்ப்பாணம் புறப்பட்டேன். பரந்தன் தாண்டி ஆனையிறவு வெளியில் நல்ல குளிர். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். கார் அன்றைக்குப் போனதைப் போல ஒருநாளும் போனதில்லை, அதில் எனக்குப் பெருமை வேறு. முன்னால் ஒரு லொறி. மூன்றாம் கியரில் மிதித்து விலத்தினேன். ஊசி 1.12 இல் நிற்கவில்லை, 1.25ஐயும் தாண்டியது. பேணிக்குள் பயற்றங்கொட்டையைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம், இரண்டு செக்கன்கூட இராது. இயக்கச்சி வரும்போது பின்னால் நீலப் புகை. கழற்றிப் பார்த்தால் நடுப் பிஸ்டனில் ரிங் இருக்கும் விளிம்பு பிஸ்கற் போல உடைந்து கிடந்தது.

நடந்தது இவ்வளவுதான்: குளிர்காற்று அடர்த்தியானது. எஞ்சினுக்குள் கூடக் காற்றுப் போனால் கூடப் பெற்றோல் எரியும், கூடப் புகை வெளியேறும், டேர்போ கூட வேகமாகச் சுற்றும். ஊசி ஏறியது அதனால்தான்; கேட்ட சத்தம் நொக்கிங். பூஸ்ட் கூடினால் புகையைப் பக்கத்தால் விட்டு டேர்போவை அடக்குவது வேஸ்ட்கேட். என்னுடையது அழுத்தத்தைக் கசியவிட்டு அந்த வேஸ்ட்கேட்டை ஏமாற்றும் வகைக் கன்ட்ரோலர். அதற்குக் காலநிலை தெரியாது. ஆவணியில் விட்ட இடத்திலேயே தையிலும் நிற்கும். இலக்கை வைத்துத் தானே திருத்திக்கொள்ளும் கன்ட்ரோலர் என்றால் ஊசி ஏறாமல் பிடித்திருக்கும். அப்போதும் குளிருக்கு ஏற்ற பெற்றோல் கணக்கும் டைமிங்கும் ரியூனில் இருந்திருக்க வேண்டும். ஒரே மத்தியானத்தில் செய்து முடித்த ரியூன் பாதி ரியூன். விடிய ஒருமுறை ஸ்கானரைக் கொழுவி ஓடிப் பார்க்காமல் என்னிடம் வந்த காரை நான் இப்போது திருப்பிக் கொடுப்பதில்லை. இதற்கு முகம் சுளிப்பவர்கள் வேறு கராஜ் பார்க்கலாம்.

தம்பியின் காருக்கு என்ன செய்தேன்? பூஸ்டைத் தொடவில்லை. பொனற்றைத் திறந்தால் இன்ரர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே படுத்திருக்கிறது. அதற்கும் பொனற்று மூக்குக்கும் இடையில் இருக்கவேண்டிய பஞ்சுப் பட்டி உக்கி உதிர்ந்துவிட்டது. மூக்கால் வரும் காற்று இன்ரர்கூலருக்குள் புகாமல் பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தது. தகடுகளுக்குள் செம்புழுதியும் செத்த வண்டுகளும். கழுவி, ரப்பர்ப் பட்டி வெட்டி ஒட்டினோம். ஓடும்போது 71 காட்டிய காற்று 58க்கு இறங்கியது.

திறந்த ஃபில்ரர்

காற்று ஃபில்ரரைப் பெட்டியில்லாமல் பொனற்றுக்குள் திறந்து வைப்பது. சத்தம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பொனற்றுக்குள் 60 பாகைக் காற்றைக் குடித்தால் டேர்போவை விட்டு வெளியே வரும்போது அது 160ஐத் தாண்டும். பெட்டியோடு வந்த ஃபில்ரரைக் கழற்றி எறிந்தவர்கள் அதைத் தேடி எடுத்துத் திரும்பப் பூட்டுங்கள்.

சென்சரை ஏமாற்றுவது

வயரில் ரெசிஸ்டர் வைத்துக் காற்றைக் குளிராகக் காட்டும் வேலை. செய்யாதீர்கள்.

முறிகண்டியில் நிறுத்திவிட்டு உடனே மிதிப்பது

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க, கச்சான் வாங்க எல்லாரும் நிறுத்துவோம். அந்தப் பத்து நிமிடத்தில் ரேடியேற்றரும் எஞ்சினும் இன்ரர்கூலரை வேகவைத்துவிடும். ஓடும்போது 55 இருந்தது 75க்கு ஏறி நிற்கும். புறப்பட்டு இரண்டு மூன்று கிலோமீற்றர் மெதுவாகப் போனால் காற்றுப் பட்டு இறங்கும். கச்சானைக் கொறித்துக்கொண்டு போகலாம்.

92 ஒக்டேன்

ஒக்டேன் எண் குறைந்த பெற்றோலில் நொக்கிங் சுலபமாக வரும். 95க்கு ரியூன் செய்த காருக்கு 92 அடித்துவிட்டு எனக்குப் போன் எடுக்காதீர்கள்.

வன்னி ரியூனோடு நுவரெலியா போவது

இது கொஞ்சம் புதினமானது. குளிர் என்பதால் பூஸ்ட் எகிறும் என்று நினைப்போம். ஆனால் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சாதாரண வேஸ்ட்கேட் ஊசியை 1 பாரிலேயே வைத்திருக்கும், எஞ்சினுக்குள் போகும் மொத்தம் குறையும், கார் சோர்ந்ததாகத் தெரியும். ஈசியூ மொத்த அழுத்தத்தைப் பார்த்து ஓடும் வகையென்றால், குறைந்ததை நிரப்ப டேர்போவை அளவுக்கு மேல் சுற்றவைக்கும். மேலே போய் நின்று திருகைத் தொடவேண்டாம். தொட்டதை மறந்துவிட்டு இரவோடிரவாக ஏ9 இல் இறங்கி வந்த ஒருவரின் எஞ்சின் இப்போதும் என் கராஜ் மூலையில் சாக்கு மூடிக் கிடக்கிறது.