கேபிளை நிறுத்துவதற்கு முன்: இலவச டிஷ் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டி அலுத்துப்போனவர்கள் பலர், பரணில் கிடக்கும் பழைய ஆன்டெனாவைத் தூசி தட்டலாமா என்று கேட்கிறார்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் ஒரு காலத்தில் உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் வைத்து இலங்கை ரூபவாஹினியே பார்த்தோம். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பில் பெரும்பகுதியை 2022-க்குள் நிறுத்திவிட்டது. இன்று இலவசம் என்றால், தூர்தர்ஷன் செயற்கைக்கோள் வழியாகத் தரும் டிடி ஃப்ரீ டிஷ்தான். டிஷ், பெட்டி, வயர் வாங்கும் செலவோடு சரி, மாதக் கட்டணம் கிடையாது. இதற்கு ரீசார்ஜ் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் கேட்காமல் கேபிளை நிறுத்துவது பெரிய தவறு. டிடி தமிழ் வரும். சன் டிவி, விஜய் டிவி தொடர்கள் வராது. சாயங்காலம் ஆனால் தொடர் பார்ப்பதே பொழுதுபோக்கு என்றிருக்கும் அம்மாவுக்கோ ஆத்தாவுக்கோ 200, 300 ரூபாய் மிச்சம் என்பது ஆறுதலே இல்லை. செய்தியும் பாட்டும் போதும் என்கிற வீட்டுக்கு இது தாராளம்.

அடுத்து, திசை. பக்கத்து வீட்டு டிஷ்ஷைப் பார்த்து அதே பக்கம் திருப்பிவிடுகிறார்கள். அங்கே இருப்பது ஏர்டெல் டிஷ்ஷாக இருக்கலாம். ஏர்டெல் செயற்கைக்கோள் இருப்பது 108.2 டிகிரி கிழக்கில். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரியில். தஞ்சாவூரிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கில், ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில், உச்சிக்குச் சற்றே கீழே இருக்கிறது. டிஷ் பார்வைக்கு அவ்வளவு நிமிர்ந்திருக்காது. எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் கம்பி நுனியில் இருக்கும், சிக்னலை வாங்கும் சின்னக் கருவி) தட்டின் நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருப்பதால், தட்டு காட்டும் திசைக்கும் மேலேயிருந்துதான் சிக்னல் வந்து விழும்.

இது தெரியாமல், எதிரே தென்னை நிற்கிறது, மறைக்கிறது என்று வெட்டக் கிளம்புகிறவர்கள் உண்டு. வேண்டாம். 10 அடி தள்ளி நிற்கும் மரம் டிஷ்ஷைவிட 26 அடிக்கு மேல் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். அப்படியே மறைத்தாலும் டிஷ்ஷை மாடியின் இன்னொரு மூலைக்கு மாற்றினால் போதும். 2018 கஜா புயலில் தப்பி நிற்கும் மரத்தை டிவிக்காக இழக்கவே கூடாது.

ஓட்டிலும் கூரையிலும் டிஷ் வைக்காதீர்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலோ தரையிலோ ஆணி அடித்து இறுக்குங்கள். காற்றில் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் படம் போய்விடும். வயரை நடுவில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவதும் தவறு. ஐப்பசி மழையில் அந்த இணைப்பில்தான் முதலில் தண்ணீர் இறங்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று எல்என்பி இணைப்பை அரித்துவிடும், அதற்கு ரப்பர் மூடி போட வேண்டும். வானம் கொட்டும்போது படம் கொஞ்ச நேரம் நின்றால் டிஷ்ஷைத் திருகாதீர்கள். மழை விட்டால் தானே வரும்.

பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் சில சேனல்கள் வராமலே போகும்.

அப்புறம், அரசு கேபிள் கொடுத்த செட்டாப் பாக்ஸ் உங்களுடையதல்ல. திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்குக் கையோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.