பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் வாங்கலாமா? கணக்கு தவறும் இடங்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் விலைப்பட்டியலில் அடிப்படை மாடலுக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ். கூடுதல் பணத்துக்குக் காரின் ஓட்டத்தை மேம்படுத்தும் பாகங்களின் தொகுப்பு அது. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷெவர்லே கார்வெட்டில் அது இஸட்51, போர்ஷேயில் ஸ்போர்ட் க்ரோனோ. அதைப் பார்த்ததும் பெரும்பாலோர் கேட்பது, "எத்தனை குதிரைத்திறன் கூடும்?" என்பதுதான். தவறான முடிவுகள் பலவும் அங்கிருந்தே கிளம்புகின்றன. இந்தப் பேக்கேஜ்கள் பலவற்றில் இன்ஜினைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் பேருக்குத்தான். கேட்க வேண்டியது வேறு: இதற்குள் இருப்பதில் பின்னால் தனியாக வாங்கிப் போட முடியாதது எது, நான் ஓட்டுகிற விதத்துக்கு அது வேலைக்கு ஆகுமா?

பூஜ்ஜியத்திலிருந்து நூறு என்ற கணக்கு

ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ நல்ல உதாரணம். சாதாரண ஜிடிஐக்கு 220 குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 6.5 விநாடி. பெர்ஃபார்மன்ஸ் பேக் போட்டால் 230 குதிரைத்திறன், 6.4 விநாடி. காகிதத்தில் பார்த்தால் பத்தில் ஒரு விநாடிக்காக யார் பணம் கொடுப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பேக்கில் பெரிய பிரேக்கும், முன் சக்கரங்களுக்கு நடுவே எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் சேர்ந்து வந்தன. டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் விசையை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பாகம், லாக் அந்தப் பிரிப்பைக் கட்டுப்படுத்தும். பணத்துக்கு உரிய பொருள் அந்த லாக்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் சாய்கிறது. உள்பக்கச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். அதனால் பிடிமானம் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் வெளிப்பக்கச் சக்கரத்துக்கும் கிடைக்காது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க உள்சக்கரம் வெறுமனே சுழலும், கார் நேராகப் போகப் பார்க்கும். இந்த லாக் மாதிரி லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல் இருந்தால் விசை பிடிமானம் உள்ள பக்கத்துக்குப் போகும். வளைவிலிருந்து வெளியே வரும்போது அதே இன்ஜின் வேறு இன்ஜின் மாதிரி இருக்கும். நேர்கோட்டில் எடுக்கும் 0-100 கணக்கில் இது தெரியவே தெரியாது. ஹூண்டாய் ஐ30 என் காரில் பேக்கேஜ் எடுத்தால் 250 குதிரைத்திறன் 275 ஆனது, நேரமும் 6.4லிருந்து 6.1 விநாடிக்கு இறங்கியது. அங்கும் கூடவே வந்த டிஃபரன்ஷியலைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எண்கள் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். எட்டாம் தலைமுறை கார்வெட் ஸ்டிங்ரேயில் இஸட்51 எடுத்தால் 490 குதிரைத்திறன் 495 ஆகிறது. ஆனால் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 312 கிலோமீட்டரிலிருந்து 296 கிலோமீட்டராகக் குறைகிறது! பேக்கேஜில் வரும் ஸ்பாய்லரும் முன்பக்க அமைப்பும் காரைத் தரையோடு அழுத்துகின்றன, அந்த அழுத்தத்துக்கு விலையாகக் காற்றின் தடையும் கூடுகிறது. உச்ச வேகம்தான் அளவுகோல் என்றால் இஸட்51 நஷ்டம். ரேஸ் டிராக்கில் வளைவுகள்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன என்று தெரிந்தவருக்கு அந்த நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை.

இன்னொன்று: இன்ஜினில் ஒரு குதிரைகூடக் கூடாமலே கார் சுறுசுறுப்பாகலாம். 2015 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடியின் மேனுவல் கியர் மாடலில் பின் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் பக்கத்திலிருந்து வரும் தண்டு எத்தனை தடவை சுற்றுகிறது என்ற கணக்கு, 3.31. பேக்கேஜ் எடுத்தால் 3.73. ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை ஏறக்குறைய 13 சதவீதம் கூடுகிறது. அதே அளவுக்கு நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றும் வேகமும் கூடும், சத்தமும் எரிபொருள் செலவும் சேர்ந்தே வரும். தினமும் நீண்ட தூரம் போகிறவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

பெரிய பிரேக் என்றால் சீக்கிரம் நிற்கும் என்பது

மிகப் பரவலான தவறு இதுதான். ஒரே ஒரு தடவை அழுத்தி நிறுத்தும் தூரத்தை முடிவு செய்வது டயர். ஆரோக்கியமான எந்தப் பிரேக்கும் சக்கரத்தை ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும் எல்லைக்குக் கொண்டுபோய்விடும். அதற்கப்புறம், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பிரேக் பேடால் அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் எத்தனை பிஸ்டன் இருந்தாலும் பயனில்லை. பெரிய பிரேக்கின் வேலை வெப்பத்தைத் தாங்குவது. 1500 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 0.58 மெகாஜூல் ஆற்றல் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. 200 கிலோமீட்டர் என்றால் அது நான்கு மடங்கு, 2.3 மெகாஜூல். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் இது பல தடவை நடக்கும். சின்ன டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

அப்போதும் முதலில் தோற்பது பெரும்பாலும் டிஸ்க் அல்ல, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும்தான். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், எவ்வளவு பெரிய பிரேக்காக இருந்தாலும். ஆகவே எப்போதாவது ஒருமுறை டிராக்குக்குப் போகிறவருக்கு நல்ல பேடும் புது ஆயிலும் போதும். அடிக்கடி போகிறவர், அதுவும் கனமான கார் வைத்திருப்பவர், கம்பெனி தரும் பெரிய பிரேக்கை எடுத்துக்கொள்வது நல்லது. எடை ஒரு டன்னைக் கொஞ்சமே தாண்டும் மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி காரில் பிரெம்போ காலிப்பருக்குப் பணம் கட்டுவதில் பாதி அழகுக்காகத்தான். அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து செய்தால் சரி.

டயர் செய்யும் மாயத்தைப் பேக்கேஜின் கணக்கில் எழுதுவது

சோதனை ஓட்டங்களில் பேக்கேஜ் போட்ட கார் வளைவில் ஒட்டிக்கொண்டு போகிறது என்று படிக்கிறோம். இரண்டு காரிலும் ஒரே டயரா என்று பார்க்கிறோமா? கார்வெட்டில் அடிப்படை மாடலுக்கு எல்லாப் பருவ டயர், இஸட்51க்கு மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்ற கோடைக்கால டயர். இந்த ஒரு மாற்றமே பெரிய வித்தியாசத்தைத் தரும். 2018 மஸ்டாங்கின் இரண்டாம் நிலை பேக்கேஜில் நான்கு சக்கரத்துக்கும் 305 மில்லிமீட்டர் அகலமுள்ள பைலட் ஸ்போர்ட் கப் 2 வந்தது. டிராக்குக்காகவே பிறந்த டயர் அது. காய்ந்த சாலையில் அபாரம், தண்ணீர் தேங்கிய சாலையில் கவனம் தேவை. கோடைக்கால டயர்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிமானத்தை இழக்கும் என்பதையும் குளிர்பிரதேசத்தில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

டயர் தேயும் பொருள். அது தேய்ந்ததும் வாங்கியவர் விலை குறைந்த வேறொன்றைப் போட்டுவிட்டால், பேக்கேஜின் பெரும்பங்கு அந்தக் கடையிலேயே நின்றுபோகும். அடிப்படை மாடலை வாங்கி, அதற்கு நல்ல டயர் போட்டு ஓட்டினால் எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

"அப்புறம் வெளியில் போட்டுக்கலாம்"

இது பாதி உண்மை. டயர், பேட், ஆயில், ஸ்பிரிங், சக்கரம் இவையெல்லாம் பின்னால் தாராளமாக மாற்றலாம், கம்பெனி தருவதைவிட நல்லதும் கிடைக்கும். டிஃபரன்ஷியல் அப்படி இல்லை. பொருளின் விலையோடு பிரித்துப் பூட்டும் கூலியும் சேரும், எலெக்ட்ரானிக் வகையாக இருந்தால் காரின் கம்ப்யூட்டருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டும். ஏபிஎஸ், கார் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஆகியவற்றைப் புதுப் பிரேக்குக்கும் டயருக்கும் ஏற்றபடி கம்பெனி மறுபடி அமைத்திருக்கும். அந்த உழைப்பை ஒரு மெக்கானிக்கால் செய்து தர முடியாது. எலெக்ட்ரானிக் டேம்பரும் (சஸ்பென்ஷனின் குலுக்கலை அடக்கும் பாகம்) அப்படித்தான், சென்சாரும் ஒயரிங்கும் இல்லாத காரில் அதைச் சேர்ப்பது பெரும்பாடு.

யாரும் கவர்ச்சியாக நினைக்காத ஒன்று கூலிங். கூடுதல் ரேடியேட்டர், ஆயில் கூலர் என்று பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். 2009 மாடலாக வந்த நிசான் 370ஸெட், டிராக்கில் ஓட்டும்போது ஆயில் சூடேறி, இன்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்ளும் என்று பெயர் வாங்கியது. ஆயில் கூலர் பின்னால்தான் வந்தது. டிராக்கில் ஓட்ட நினைப்பவர் ஸ்பாய்லரை விட்டாலும் விடலாம், கூலிங்கை விடக் கூடாது. பின்னால் நீங்களே இன்ஜின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டினால் வாரண்டி கேள்விக்குறியாகும் என்பது தனிக் கதை. கம்பெனி பேக்கேஜில் அந்தக் கவலை இல்லை, இன்சூரன்ஸிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒரே பெயருக்குள் எல்லாமே இருக்கும் என்று நினைப்பதும் உண்டு. இஸட்51 எடுத்தாலும் மேக்னடிக் ரைடு என்ற, எலெக்ட்ரானிக் முறையில் இறுக்கம் மாறும் சஸ்பென்ஷன் தனி ஆப்ஷன். போர்ஷேயின் ஸ்போர்ட் க்ரோனோவில், நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்ப உதவும் லாஞ்ச் கன்ட்ரோல் உண்டு, டேஷ்போர்டின் மேல் கடிகாரமும் உண்டு, குதிரைத்திறன் மட்டும் கூடுவதில்லை. ஆனாலும் 2019இல் வந்த ஆட்டோமேட்டிக் 911 கரேராவின் 0-100 நேரம் அதனால் 4.2 விநாடியிலிருந்து 4.0 ஆனது. போல்ஸ்டார் 2 என்ற எலெக்ட்ரிக் காரின் பேக்கில் ஓலின்ஸ் கம்பெனியின் டேம்பரைக் கையால் திருகித்தான் இறுக்கவோ தளர்த்தவோ முடியும். அதை நிஜமாகவே எத்தனை பேர் திருகுவார்கள்?

சோதனை ஓட்டம் ஷோரூமைச் சுற்றிப் புதுத் தார்ச்சாலையில் நடந்தால் எந்த சஸ்பென்ஷனும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் தினமும் போகும் மோசமான சாலையில், கூட வருபவரையும் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். பேக்கேஜில் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் வருமானால் குழிகளில் ரிம் அடிவாங்கும் வாய்ப்பும் அதிகம்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். புதிதாக வாங்கியவர் பேக்கேஜுக்குக் கொடுத்த பணம் முழுவதும் மறுவிற்பனையில் அபூர்வமாகவே திரும்பும். அது இரண்டாவதாக வாங்குகிறவருக்கு லாபம். ஆனால் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம், அது தனியாகவே கடையில் கிடைக்கும். காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தொழிற்சாலையிலிருந்து எந்த ஆப்ஷன்களோடு வெளியே வந்தது என்று டீலரிடம் கேட்டு வாங்குங்கள். டிஸ்க்கின் விட்டத்தை அளந்து பாருங்கள். பேடும் டயரும் எந்த நிலையில் இருக்கின்றன, டிஸ்க்கில் வெப்பத்தால் வந்த மயிரிழை விரிசல்கள் உண்டா என்று பாருங்கள். இருந்தால், முன்னவர் பேக்கேஜை அது எதற்காக வந்ததோ அதற்கே பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.