நாகையிலிருந்து புதுச்சேரிக்குப் பாய்மரப் படகில்: முதல் இரவுப் பயணத்துக்குத் திட்டம் போடுவது எப்படி?

பொங்கல் முடிந்து சம்பா அறுப்பு ஓயும் நேரத்தில் நாகைப் பக்கம் கடலும் மெல்ல அடங்கும். வாடை தளரும். பிப்ரவரி பிற்பகுதியிலிருந்து சோழகம் எனும் தென்காற்று தலைகாட்டும். கரையோர நீரோட்டமும் வடக்கே திரும்பியிருக்கும். கரையோரமாகவே பாய்மரப் படகு ஓட்டிப் பழகியவர் முதன்முதலாக ஓர் இரவைக் கடலில் கழிக்க இதைவிட நல்ல பருவம் இங்கே இல்லை.

அந்தமானுக்குப் போகும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அது 700 கடல் மைலுக்கு மேல். புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, சக அதிகாரி தில்னாவுடன் சேர்ந்து தாரிணி என்ற கடற்படைப் பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பினார். அவர்களும் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள்தான். நமக்கு முதலில் புதுச்சேரி போதும்.

1. தூரத்தை நீங்களே அளந்து பாருங்கள்

போன் சொல்லும் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். டேராடூனில் உள்ள தேசிய நீரளவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தை வாங்கித் திண்ணையில் விரியுங்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடர் போதும். வரைபடத்தின் பக்கவாட்டு ஓரத்தில் உள்ள அட்சரேகை அளவில் ஒரு நிமிடம் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மேல் ஓரத்தில் இருக்கும் அளவைத் தொடவே கூடாது; அது தப்பான தூரத்தைக் காட்டும்.

நாகை ஏறக்குறைய 10 பாகை 46 நிமிடத்தில் இருக்கிறது, புதுச்சேரி 11 பாகை 56 நிமிடத்தில். வித்தியாசம் 70 நிமிடம், அதனால் 70 கடல் மைல். ஆனால் நேர்கோடு போட்டால் தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் கரையை உரசிக்கொண்டு போகும். கிளம்பியதும் எட்டு மைல் வெளியே போய், அப்புறம் வடக்கே திரும்புங்கள். வளைவையும் சேர்த்து 80 மைல் என்று வைத்துக்கொள்வோம்.

2. சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் பெரும்பாலும் எப்போது கிளம்புவது என்றுதான் யோசிப்பார்கள். தெரியாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழைவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான வேலை. புதுச்சேரி முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்து போகும். அலை எங்கே உடைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும்.

காலை 9 மணிக்குச் சேர வேண்டும் என்று வையுங்கள். சின்னப் படகுக்குச் சராசரி 4 நாட், அதாவது மணிக்கு 4 கடல் மைல் வேகம் நியாயமான கணக்கு. 80 மைலுக்கு 20 மணி நேரம். அப்படியானால் முதல் நாள் மதியம் 1 மணிக்குக் கிளம்ப வேண்டும். சரி, காற்று குறைந்து 3 நாட்தான் கிடைத்தால்? 27 மணி நேரம் ஆகும், மறுநாள் மாலை 4 மணிக்குச் சேர்வீர்கள். அப்போதும் வெளிச்சம் இருக்கும். நல்ல காற்றில் 5 நாட் போனால் விடியற்காலை 5 மணிக்கே போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அப்போது பாயைச் சுருக்கி வேகத்தைக் குறைத்து, விடியும் வரை வெளியிலேயே காத்திருங்கள். நகரத்து விளக்குகள் பக்கத்தில் தெரியும்போது காத்திருக்க மனம் வராது. ஆகவே 'விடியும் முன் உள்ளே போகக் கூடாது' என்று கரையிலேயே தாளில் எழுதிவிடுங்கள்.

பௌர்ணமியை ஒட்டிய நாளாகப் பாருங்கள். இரவின் பெரும்பகுதி நிலா துணைக்கு இருக்கும்.

3. வரைந்த கோட்டை மீனவரிடம் காட்டுங்கள்

என் முதல் வரைபடத்தை நாகை நம்பியார் நகர் மீனவர் குப்பத்தில் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்து, "தம்பி, இந்தப் பக்கம் ராத்திரியில வலை கிடக்கும். இன்னும் கொஞ்சம் வெளிய போயி ஏறு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகக் கோட்டை அழித்துத் திரும்ப வரைந்தேன். மிதவைகளில் மினுக்கும் சின்ன விளக்குகள், விளக்கே இல்லாத ஃபைபர் படகுகள், இவைதான் இந்தக் கரையில் இரவின் உண்மையான இடைஞ்சல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் இருக்காது. ஆனால் அப்போதும் சின்னப் படகுகள் போகும்.

4. வானிலை

கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே இந்திய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் தினமும் நோட்டில் எழுதி வாருங்கள். எழுதினால்தான் முன்னறிவிப்பு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று பிடிபடும். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏறியிருந்தாலும் பயணம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை யோசிக்கவே வேண்டாம்; 2018 நவம்பர் 16 அதிகாலை வந்த கஜாவை டெல்டாக்காரர்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை.

தெற்கே கோடியக்கரையைத் தாண்டும் யோசனையும் முதல் பயணத்துக்கு வேண்டாம். ஆழம் குறைவு, எல்லைக்கோடும் பக்கத்தில்.

5. ஆள், சாப்பாடு, உயிர்க்கயிறு

தனியாகப் போகாதீர்கள். இரவோட்டம் தெரிந்த ஒருவராவது படகில் இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்று காவல் மாற்றிக்கொள்ளுங்கள். மேல்தட்டில் இருப்பவர் இருட்டிய பிறகு படகோடு கயிற்றால் பிணைந்திருக்க வேண்டும். இதில் சலுகையே கிடையாது. இரவில் விழுந்தவரின் தலை, இரண்டு அலை தாண்டினால் கண்ணுக்குத் தெரியாது.

குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர். மூன்று நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புளிசாதம் சீக்கிரம் கெடாது. குமட்டலுக்கு இஞ்சி மரப்பா நல்லது. மாத்திரை போடுவதானால் டாக்டரைக் கேட்டுக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

ஜி.பி.எஸ். இரண்டு, திசைகாட்டி ஒன்று, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் திறந்து வைத்த வி.எச்.எஃப். ரேடியோ. மணிக்கு ஒருமுறை இருக்குமிடத்தை நோட்டில் எழுதுங்கள். கருவி நின்றுபோனாலும் கடைசியாக எழுதிய புள்ளியிலிருந்து வழியைக் கணக்குப் போடலாம்.

6. கரையில் ஒரு தாள்

கடலோரக் காவல் நிலையத்தில் படகின் ஆவணங்களைக் காட்டிப் பயண விவரத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டிலும் ஒரு தாள் இருக்கட்டும்: எத்தனை பேர், பாயின் நிறம், எந்த வழி, இடையில் ஒதுங்கக்கூடிய காரைக்கால், கடலூர். கடைசி வரியில் "மறுநாள் இரவு 8 மணி வரை தகவல் இல்லையென்றால் கடலோரக் காவல்படையை 1554இல் கூப்பிடவும்" என்று எழுதுங்கள். வீட்டில் யார் பதறாமல் போனை எடுப்பாரோ அவரிடம் கொடுங்கள். நான் அக்காவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, நாள்காட்டி மாட்டிய ஆணியிலேயே குத்தி வைத்தார்.