அட்டவணை சரி, மோட்டார் ஏன் நிற்கவில்லை? தர்க்கத்திலிருந்து சி மொழிக்குப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை வட்டாரத்தில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு விரும்பி எடுப்பது பம்ப்செட்டைத் தானாக இயக்கி நிறுத்தும் பலகை. போரில் தண்ணீர் இருக்கிறதா, மூன்று பேஸும் வருகிறதா, வயலில் தேவையான அளவு தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) போட வேண்டும், எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. வகுப்பில் படித்த கணிதத் தர்க்கத்தை அப்படியே இறக்கிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. உண்மை அட்டவணை (எந்த நிபந்தனைக்கு என்ன விடை என்ற பட்டியல்) போட்டுச் சுருக்கி, சி என்ற நிரல் மொழியில் எழுதி, மைக்ரோகன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிச் சிப்பில் ஏற்றிவிடுகிறார்கள். அட்டவணையில் பிழை இருக்காது. ஆனாலும் மோட்டார் சொன்னபடி கேட்காது.

அப்போது சிலர், "தர்க்கமெல்லாம் பரீட்சைக்குத்தான், மெஷினுக்கு உதவாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். மெஷினே தர்க்கத்திலிருந்து பிறந்ததுதான். கணிதவியலாளர் ஜார்ஜ் பூல் 1847-லும் 1854-லும் எழுதிய தர்க்க இயற்கணிதத்தை எடுத்து, ரிலே, சுவிட்ச் சுற்றுகள் அதே கணக்கில்தான் நடக்கின்றன என்று கிளாட் ஷானன் 1937-ல் தன் முதுநிலை ஆய்வேட்டில் காட்டினார். உங்கள் வீட்டு மோட்டார் ஸ்டார்ட்டரிலேயே அது இருக்கிறது. ஆஃப் பட்டனும் ஓவர்லோட் ரிலேயும் கான்டாக்ட்டை இழுத்து மூடும் காயிலோடு தொடராக இணைந்திருக்கும். இரண்டும் மூடியிருந்தால்தான் கரன்ட் போகும் என்பதால் அது 'மற்றும்'. ஆன் பட்டனுக்குப் பக்க இணைப்பாக ஒரு ஹோல்டிங் கான்டாக்ட் இருக்கும். அது 'அல்லது'.

அந்த ஹோல்டிங் கான்டாக்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுவது அதனால்தான். காயில் தன்னுடைய முந்தைய நிலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. அங்கே 'முந்தைய' என்று ஒன்று வந்துவிடுகிறது. பூல் எழுதிய சமன்பாட்டில் முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எண்ணுக்கு அங்கே உச்சவரம்பும் இல்லை. எதை முதலில் பார்ப்பது என்ற கேள்வியும் எழாது. மெஷினில் இந்த மூன்றும் உண்டு. கீழே வரும் தவறுகள் எல்லாம் இவற்றில் ஒன்றை மறந்ததால் வருபவை.

நிபந்தனையை விதியாக நினைப்பது

"தண்ணீர் குறைந்தால் மோட்டார் நிற்கும்." இது தர்க்கத்தில் ஒரு கூற்று, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியது. சி மொழியில் இஃப் (if, 'என்றால்') போட்டு எழுதும்போது அது ஒரு கட்டளையாகிவிடுகிறது. அந்த வரியை மெஷின் கடந்து போகும் ஒரு கணத்தில் மட்டும் சோதிக்கப்படும். அடுத்த வரியில் பத்து நொடி டிலே இருந்தால், அந்தப் பத்து நொடியும் உங்கள் கூற்றைக் காப்பாற்ற ஆளில்லை. போர் வற்றிய பிறகும் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 'அ என்றால் ஆ' என்ற கூற்றில் அ பொய்யானால் மொத்தக் கூற்று உண்மை. ஆ-வைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. புரோகிராமிலும் அப்படித்தான், நிபந்தனை பொய்யானால் ரிலே முன்பு இருந்த நிலையிலேயே கிடக்கும். "தண்ணீர் இருந்தால் ஓடும் என்பது தானாகவே வந்துவிடும்" என்று நினைத்து மறுபாதியை எழுதாமல் விடுவது மிகவும் சகஜம். மோட்டார் ஆன், ஆஃப் இரண்டுக்கும் எந்தெந்த நிபந்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். கரன்ட் போய்த் திரும்பி வரும்போது ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒற்றை &, இரட்டை &&

இரண்டும் 'மற்றும்' என்றே பாடத்தில் வரும். இரட்டைக் குறி முழு மதிப்பையும் உண்மையா பொய்யா என்று பார்க்கும். ஒற்றைக் குறி பிட் பிட்டாக, அதாவது எண்ணின் ஒவ்வொரு 0, 1 இலக்கமாகப் பார்க்கும். ஆர், ஒய், பி என மூன்று பேஸுக்கும் 1, 2, 4 என்று பிட் ஒதுக்கியிருந்தால், 1 && 2 உண்மை. 1 & 2 பூஜ்யம், அதாவது பொய். இரண்டு பேஸும் நன்றாக வரும்போதே பலகை "பேஸ் இல்லை" என்று சொல்லும். மறுப்பிலும் இதே கதைதான். 1-க்கு முன் ! போட்டால் 0 வரும். ~ போட்டால் -2 வரும். பூஜ்யம் அல்லாத எல்லாமே சி மொழிக்கு உண்மை என்பதால் -2-வும் உண்மை.

இதைவிட ஆபத்தானது முன்னுரிமை, அதாவது எந்தக் குறியை முதலில் கணக்கிடுவது என்ற வரிசை. பி பேஸ் போய்விட்டதா என்று பார்க்க 'நிலை & 4 == 0' என்று எழுதினால், கம்பைலர் (நாம் எழுதியதை மெஷின் கட்டளையாக மாற்றும் மென்பொருள்) முதலில் 4 == 0 என்பதைப் பார்க்கும். அது பொய், அதாவது 0. நிலை எதுவாக இருந்தாலும் 0-உடன் சேர்த்தால் 0. ஆக, ஒரு பேஸ் போனது ஒருநாளும் தெரியாது, மோட்டார் காயில் கருகும். இந்த வரிசைக்கு ஒரு வரலாறு உண்டு. டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி-யின் தொடக்க வடிவத்தில் & மட்டும்தான் இருந்தது, இரண்டு வேலையையும் அதுவே பார்த்தது. && பிறகு வந்தபோது, ஏற்கனவே எழுதியிருந்த புரோகிராம்கள் உடைந்துவிடக் கூடாது என்று & குறியின் முன்னுரிமையை மாற்றாமல் விட்டார்கள். அதனால் (நிலை & 4) == 0 என்று அடைப்புக்குறி போடுங்கள். யோசிக்கவே வேண்டாம், எப்போதும் போடுங்கள்.

இடம் மாற்றினால் ஒன்றும் ஆகாது என்பது

'அ மற்றும் ஆ', 'ஆ மற்றும் அ' இரண்டும் தர்க்கத்தில் ஒன்றுதான். சி-யின் && அப்படி இல்லை. தலைமடையில் மதகை அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா, அதுபோல இடதுபக்கம் பொய்யானால் வலதுபக்கத்தை மெஷின் எட்டிக்கூடப் பார்க்காது. 'எண்ணிக்கை != 0 && மொத்தம் / எண்ணிக்கை > 30' என்பது பத்திரமான வரி. அழகுக்காகத் திருப்பி எழுதினால் பூஜ்யத்தால் வகுக்கும் வேலை முதலில் நடக்கும். பாயின்டரை (நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரியை) சோதிக்கும் வரிகளிலும் இதே கவனம் வேண்டும். வலதுபக்கத்தில் சென்சாரைப் படிக்கும் பங்ஷன் (பெயர் வைத்த நிரல் பகுதி) இருந்தால், இடதுபக்கம் பொய்யாகும் நேரங்களில் சென்சார் படிக்கப்படவே மாட்டாது. பதிவேட்டில் பழைய எண்ணே நிற்கும்.

எண்களுக்கு முடிவே இல்லை என்று நம்புவது

8 பிட் சிப் உள்ள அர்டுயினோ ஊனோ பலகையில் இன்ட் (முழு எண் வகை) என்பது 16 பிட். அதன் உச்சம் 32,767. மோட்டார் 20 நிமிடம் ஓட வேண்டும், கணக்கு மில்லிவினாடியில். 20 * 60 * 1000 என்று எழுதுகிறோம். விடை 12,00,000. அது 16 பிட்டில் அடங்காது. மேல் பிட்கள் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது 20,352, அதாவது இருபது வினாடி சொச்சம். இருபது நிமிடம் கேட்டவருக்கு இருபது வினாடி கிடைப்பதால், "நிமிடம் என்பதை வினாடி என்று எழுதிவிட்டோமோ" என்று இல்லாத தவறைத் தேடுவார்கள். அந்த எண்களில் ஒன்றையாவது நீள வகை (long) என்று குறித்தால் போதும், தீர்ந்துவிடும். அர்டுயினோ மென்பொருளில் கம்பைலர் எச்சரிக்கைகளை மறைத்து வைக்கும் அமைப்பையும் மாற்றி, எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் இந்தத் தவறைக் கம்பைலரே சொல்லிவிடும்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. பலகை ஆன் ஆனதிலிருந்து எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்பதை மில்லிஸ் என்ற பங்ஷன் 32 பிட்டில் சொல்லும். 4,29,49,67,295 வரை போய்த் திரும்பப் பூஜ்யமாகிவிடும். அதற்கு ஆகும் காலம் ஏறத்தாழ 49.7 நாள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 அன்று பலகையை ஆன் செய்தால், ஆடிப்பெருக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எண் திரும்பும். 150 நாள் சம்பாவில் மூன்று முறை இது நடக்கும். 'இப்போது > தொடக்கம் + இடைவெளி' என்று எழுதியிருந்தால், எண் திரும்பப்போகும் நேரத்தில் வலதுபக்கக் கூட்டல் சுற்றி வந்து சிறிய எண்ணாகிவிடும். நிபந்தனை உடனே உண்மையாகி, இப்போதுதான் தொடங்கிய மோட்டார் நின்றுவிடும். 'இப்போது - தொடக்கம் >= இடைவெளி' என்று எழுதினால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒரே சமனின்மைதான், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுபோனோம், அவ்வளவே. ஆனால் சுற்றி வரும் எண்களில் கூட்டல், கழித்தல் செல்லும், பெரிது சிறிது என்ற ஒப்பீடு கூட்டலோடு ஒத்துப்போகாது. எந்த விதி எந்த எண்களுக்கு நிரூபிக்கப்பட்டது என்று பார்க்காமல் பயன்படுத்தியதுதான் தவறு. கரன்ட் அடிக்கடி போகும் இடத்தில் பலகையும் ரீசெட் ஆகிக்கொண்டே இருப்பதால் இது மாதக்கணக்கில் வெளியே வராது. பேட்டரி வைத்துப் பலகையை மேம்படுத்திய பிறகுதான் தலைகாட்டும்.

தசம எண்களிலும் ஒரு பொறி உண்டு. '30-க்குக் குறைவு இல்லை' என்றால் '30 அல்லது அதற்கு மேல்' என்று மாற்றி எழுதுவோம். மறுப்பை உள்ளே தள்ளும் விதிகளுக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் மதுரையில் பிறந்தவர். அந்த விதிகளில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ஈரப்பதச் சென்சார் இணைப்பு விட்டுப்போனால் சில லைப்ரரிகள் 'எண்ணே அல்ல' என்ற சிறப்பு மதிப்பைத் தரும். அது 30-க்குக் குறைவும் இல்லை, அதிகமும் இல்லை, சமமும் இல்லை. தனக்குத்தானே கூடச் சமம் இல்லை. அந்த மதிப்பு வந்திருக்கிறதா என்பதை முதலில் தனியாகச் சோதித்துவிட வேண்டும்.

கம்பைலரும் தர்க்கம் பேசும் என்பதை மறப்பது

எனக்கு இந்த முழு விஷயத்திலும் முக்கியமாகப் படுவது இதுதான். நாம் எழுதியதைக் கம்பைலர் வரிக்கு வரி அசெம்பிளியாக (மெஷின் கட்டளைகளாக) மாற்றித் தருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது நம் வரிகளிலிருந்து அனுமானம் செய்து, தேவையில்லை என்று தோன்றுவதைத் தூக்கிவிடுகிறது. குறியுள்ள (கழித்தல் எண்ணையும் ஏற்கும்) இன்ட் நிரம்பி வழிவது சி மொழியில் வரையறை இல்லாத செயல். அதாவது, "அது நடக்காது" என்று எழுதியவர் வாக்குக் கொடுத்ததாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். நிரம்பிவிட்டதா என்று பார்க்க 'அ + 1 < அ' என்று நீங்கள் சோதித்தால், நிரம்பாத எண்ணில் அது ஒருபோதும் உண்மையாகாது என்று நிரூபித்து, அந்தச் சோதனையையே நீக்கிவிடலாம். அதன் அனுமானத்தில் குறை சொல்ல முடியாது. முரண்பட்ட எடுகோளிலிருந்து எதையும் நிரூபிக்கலாம் என்பது தர்க்கத்தின் பழைய பாடம். வாக்கை நாம் மீறிவிட்டால், அதற்குப் பிறகு எது நடந்தாலும் மொழியின் விதிப்படி சரிதான்.

2009-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில், டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் இதுவே நடந்தது. ஒரு பாயின்டரின் வழியே முதலில் தரவை எடுத்துவிட்டு, அடுத்த வரியில் அந்தப் பாயின்டர் வெற்றா (எந்த இடத்தையும் காட்டாததா) என்று சோதித்திருந்தார்கள். ஏற்கனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது வெற்றாக இருக்க முடியாது என்று அனுமானித்து கம்பைலர் சோதனையை நீக்கிவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையாகவே முடிந்தது.

நம் பலகையில் இது இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறித்து ஓடும் சிறு நிரல்) வழியாக வரும். தண்ணீர் ஓட்டத்தை அளக்கும் சென்சாரின் ஒவ்வொரு துடிப்புக்கும் இன்டரப்ட் ஓர் எண்ணைக் கூட்டுகிறது. மெயின் புரோகிராம், அந்த எண் மாறும்வரை ஒரு லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில்) காத்திருக்கிறது. லூப்புக்குள் அதை மாற்றும் வரி இல்லையே, அப்படியானால் மாறாது என்று கம்பைலர் முடிவு செய்து, ஒருமுறை மட்டும் படித்து வைத்துக்கொள்ளும். லூப் முடிவே அடையாது. வாலடைல் என்று அறிவிப்பது, "வேறொருவரும் இதை மாற்றுவார்" என்ற விடுபட்ட எடுகோளைச் சேர்ப்பதுதான்.

அதோடு முடியவில்லை. 8 பிட் சிப் 16 பிட் எண்ணை இரண்டு தவணையாகப் படிக்கும். எண் 255 ஆக இருக்கும்போது கீழ் பைட்டை (கீழ்ப் பாதி 8 பிட்டை) படித்தாயிற்று, அதில் 255. அந்த இடைவெளியில் இன்டரப்ட் வந்து எண்ணை 256 ஆக்குகிறது. இப்போது மேல் பைட்டைப் படித்தால் 1. சேர்த்துப் பார்த்தால் 511. எண் ஒருபோதும் 511 ஆக இருந்ததே இல்லை. படிக்கும் அந்த ஒரு கணம் இன்டரப்ட்டை நிறுத்தி வைத்து, எண்ணை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்டு, திரும்பத் திறந்துவிடுங்கள்.

வழிமுறையை நிரூபித்தால் புரோகிராமும் நிரூபணமானது என்பது

பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் வழிமுறை சரி என்பதை எல்லோரும் நிரூபித்துப் படித்திருக்கிறோம். ஆனால் நடுப்புள்ளிக்காக இரண்டு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கும் வரி, மிகப் பெரிய பட்டியலில் நிரம்பி வழியும். ஜாவா என்ற நிரல் மொழியின் அதிகாரபூர்வ நூலகத்திலேயே இந்தப் பிழை பல ஆண்டுகள் இருந்ததை ஜோஷுவா பிளாக் 2006-ல் எழுதினார். நிரூபணம் முழு எண்களைப் பற்றியது. ஓடியது 32 பிட் எண்களில்.

இதற்கு வழியும் தர்க்கத்திலேயே இருக்கிறது. கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1969-ல் ஒரு முறையைக் கொடுத்தார்: ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் எது உண்மையாக இருக்க வேண்டும், பின்னால் எது உண்மையாகும் என்று எழுதுவது. கெர்னல் அளவுக்கே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 2009-ல் வெளியான, செல்ஃபோர் (seL4) என்ற கெர்னலின் நிரூபணம் சுமார் 8,700 வரி சி நிரலைச் சரிபார்த்தது. அப்போது கம்பைலரும், அசெம்பிளிப் பகுதியும், வன்பொருளும் சரியாக இயங்கும் என்பதை எடுகோள் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்தார்கள். நிரூபணம் எந்த எல்லை வரை என்பதைப் படிப்பவர் தெரிந்துகொள்ள அது போதும்.

பம்ப்செட் பலகைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு பங்ஷனுக்கு மேலும் மூன்று வரி கமென்ட் போடுங்கள்: உள்ளே வரும் எண் எதிலிருந்து எது வரை, இந்தப் பங்ஷன் ஓடும்போது வேறு யார் அதை மாற்றலாம், வெளியே போகும்போது ரிலே எந்த நிலையில் இருக்கும். அப்புறம் அந்த மூன்றையும் அசர்ட் (பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) வரிகளாக்கி, வயலுக்குக் கொண்டுபோகும் முன் மேசையில் ஓட்டுங்கள். மில்லிஸ் எண் திரும்புவதைப் பார்க்க 49 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. நேரத்தைத் தரும் பங்ஷனை உங்களுடையதாக மாற்றி, உச்சத்துக்குப் பத்து வினாடி முன்னாலிருந்து எண்ணத் தொடங்கச் சொன்னால் போதும்.