பத்து வசனம், இருபது நிமிடம்: வேதத்தை அசைபோட்டு வாசிக்க

புத்தாண்டு ஆராதனை முடிந்து, அந்த ஆண்டுக்கென ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பி, "இந்த வருஷம் வேதாகமம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும்" என்று ஆதியாகமத்தைத் திறப்பவர்கள் ஏராளம். புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். ஆண்டுக்குள் முடிக்க நாளைக்கு மூன்று அதிகாரத்துக்குச் சற்று மேல் வாசிக்க வேண்டும். மூன்று வீதம் போனால் ஜனவரி 17-க்குள் யோசேப்பின் கதை முடிந்துவிடும். 25-ஆம் தேதி யாத்திராகமம் 25-ஆம் அதிகாரம் வரும். இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் பாதங்களும் கொக்கிகளும் அங்கே தொடங்குகின்றன. 31-ஆம் தேதி லேவியராகமம்: தகனபலி, போஜனபலி, சமாதானபலி. பெரும்பாலோரின் வாசிப்பு நின்றுபோகும் இடம் இதுதான். பக்தி குறைந்ததால் நிற்பதில்லை. மூன்று அதிகாரத்தை ஓடி முடிப்பதற்குள், வாசித்த எதையும் மனத்தில் வைத்துப் பார்க்க நேரமில்லாமல் போனதால் நிற்கிறது.

முதல் சங்கீதம் "இரவும் பகலும்" வேதத்தில் தியானமாயிருக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. தியானம் என்று நாம் சொல்லும் இடத்தில் எபிரெயுவில் இருக்கும் சொல், வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிப்பது. இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் (ஏசாயா 31:4), புறா முனகுவதற்கும் (ஏசாயா 38:14) இதே சொல்தான். மாடு பகலெல்லாம் மேய்ந்ததை இரவில் கொட்டிலில் படுத்து அசைபோடுமே, அந்த வேலைதான் இது. அசைபோட வேண்டுமென்றால் வாயில் கொள்ளுமளவுதான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து வசனம் போதும்.

எங்கே தொடங்குவது

மாற்குவில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். சம்பவங்கள் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பதால் ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுக்கலாம். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒரு புத்தகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கடந்திருப்பீர்கள். முழுசாக ஒரு புத்தகத்தை முடிப்பது மிக முக்கியம். திறந்த பக்கத்தில் விரல் வைத்து வசனம் எடுக்கிற பழக்கம் இருந்தால் இந்த இரண்டு மாதத்துக்கு அதை நிறுத்திவையுங்கள்.

திருப்பலி வாசகங்களைப் பின்பற்றும் கத்தோலிக்கர்கள் அன்றைய நற்செய்தி வாசகத்தையே எடுத்துக்கொள்ளலாம். முந்திய நாளின் வாசகம் எங்கே முடிந்தது, இன்று எங்கே தொடங்குகிறது, நடுவில் எது விடப்பட்டது என்பதை மட்டும் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

தேவையானவை: அச்சிட்ட வேதாகமம் ஒன்று, பென்சில், கோடு போட்ட நோட்டு. போன் வேறு அறையில் இருக்கட்டும். போனில்தான் வாசிக்க முடியும் என்றால் இணையத்தை அணைத்துவிட்டுத் திறங்கள். ஒரு வாட்ஸ்அப் ஒலி போதும், பத்து நிமிடம் போய்விடும். இடமும் நேரமும் தினமும் ஒன்றாக இருந்தால் மனம் தானாகவே அந்த நேரத்துக்குத் தயாராகும். அதிகாலைதான் என்று சட்டமில்லை. இரவுப் பணி முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வருகிறவருக்குத் தூங்குமுன் இருக்கும் இருபது நிமிடமே அதிகாலை. கைக்குழந்தை உள்ள தாய்க்குக் குழந்தை முதல் தூக்கம் போடும் நேரம்.

இரண்டு மொழிபெயர்ப்புகள் கைவசம் இருந்தால் நல்லது. நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல் 1871-இல் வந்தது. அதன் ஓசை காதில் நிற்கும், மனனத்துக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் சில சொற்கள் பொருள் நகர்ந்துவிட்டன. 23-ஆம் சங்கீதத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்பதை "நான் தாழ்ந்துபோகமாட்டேன், மற்றவர்முன் தலைகுனியமாட்டேன்" என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே தாழ்ச்சி என்றால் குறைவு, இல்லாமை. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அதே வரியை "எனக்கேதும் குறையில்லை" என்று சொல்லும்போது சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. தினமும் இரண்டையும் ஒப்பிட வேண்டாம். ஒரு சொல் இடறும்போது மட்டும் மற்றதைத் திறந்தால் போதும்.

இருபது நிமிடம் எப்படிப் போகிறது

முதல் இரண்டு நிமிடம் சும்மா உட்காருங்கள். "ஆண்டவரே, நீர் பேசும்; நான் கேட்கிறேன்" என்ற அளவில் ஒரு சிறு ஜெபம். நீண்ட விண்ணப்பங்களை இங்கே தொடங்கினால் வாசிப்புக்கு நேரம் மிஞ்சாது.

அடுத்த எட்டு நிமிடத்தில் பகுதியை மூன்று தடவை வாசியுங்கள். முதல் தடவை வாய்விட்டு, காது கேட்கும்படி. கண் தாவிச் செல்லும் வரிகளை நாக்கு தாவ முடியாது. இரண்டாம் தடவை பென்சிலோடு: திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு அடிக்கோடு, கேள்விகளுக்கு வட்டம், "ஆகையால்", "ஆனாலும்", "அப்படியிருக்க" போன்ற இணைப்புச் சொற்களுக்கு அம்புக்குறி. ரோமர் 12 "அப்படியிருக்க" என்று தொடங்குகிறது என்றால், அதற்கு முந்தைய பதினோரு அதிகாரத்தின் பாரமும் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. மூன்றாம் தடவை மெதுவாக, மனம் எங்கே நிற்கிறதோ அங்கே நின்றுவிடுங்கள்.

அதிகாரப் பிரிவை அதிகம் நம்ப வேண்டாம். அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்கள் 1551-இல் ஒரு அச்சகத்தார் இட்டவை. ஏசாயா 53-ஐ மட்டும் வாசிப்பவர், அந்தப் பாடல் 52:13-இலேயே தொடங்கிவிட்டதைத் தவறவிடுவார்.

பிறகு ஐந்து நிமிடம் நோட்டு. மேலே தேதி, வேதப்பகுதி. கீழே முதலில் பகுதியில் கண்டதை மட்டும் எழுதுங்கள். "இது எனக்கு என்ன சொல்கிறது" என்ற கேள்வியை முதலில் கேட்டால், நேற்று இரவு மனத்தில் இருந்த கவலையே பதிலாகத் திரும்பி வரும். யார் பேசுகிறார், யாரிடம், எப்போது, எது மறுபடி வருகிறது, எது வியப்பாக இருக்கிறது? இவற்றுக்குப் பிறகு: இதில் தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? மனிதர் எப்படி? கடைசியாகத்தான்: இன்று நான் என்ன செய்ய வேண்டும்? புரியாததைக் கேள்விக்குறியோடு ஓரத்தில் குறித்துவையுங்கள், அங்கேயே நின்று மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசி ஐந்து நிமிடம் ஜெபம். வாசித்த பகுதியின் சொற்களைக் கொண்டே ஜெபியுங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி இதே வரிசையை நான்கு படிகள் கொண்ட ஏணியாக எழுதினார்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவ சமுகத்தில் அமர்ந்திருத்தல். வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது, ஜெபம் சுவையைப் பெறுவது, கடைசிப் படி அந்த இனிமையே என்றார். அந்தக் கடைசிப் படியை அவசரத்தில் விட்டுவிடுகிறோம். எழுந்து போகுமுன் ஒரு நிமிடமாவது எதுவும் கேட்காமல் அமர்ந்திருங்கள்.

ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்

மாற்கு 10:46-52. எரிகோவின் வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கும் பர்திமேயு. முதல் வாசிப்பில் இது ஒரு சுகமளித்தல் கதை, அவ்வளவுதான். பென்சிலோடு வாசிக்கும்போது, கூட்டம் அவனை அதட்டியதும் அவன் இன்னும் அதிகமாய்க் கூப்பிட்டதும் தெரிகிறது. "தாவீதின் குமாரனே, எனக்கு இரங்கும்" இரண்டு முறை வருகிறது. பார்வையுள்ளவர்கள் நசரேயன் என்று சொல்ல, பார்வையற்றவன் தாவீதின் குமாரன், அதாவது மேசியா, என்கிறான்.

இப்போது இயேசு கேட்கும் கேள்விக்கு வட்டம் போடுங்கள்: நான் உனக்கு என்ன செய்ய வேண்டும்? இதே கேள்வி எங்கோ வந்ததே என்று பக்கத்தின் மேலே பார்த்தால் 10:36-இல் இருக்கிறது. அங்கே கேட்கப்பட்டது யாக்கோபிடமும் யோவானிடமும். அவர்கள் மகிமையில் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்டான். ஒரே கேள்வி, பதினைந்து வசன இடைவெளி, எவ்வளவு வேறுபட்ட பதில்!

இன்னும் பின்னால் போனால் 8:22-26-இல் பெத்சாயிதாவில் வேறொரு குருடன், இரண்டு கட்டமாகப் பார்வை பெறுகிறான். முதலில் மனிதர் மரங்களைப்போல் தெரிகிறார்கள். அந்தக் குருடனுக்கும் இந்தக் குருடனுக்கும் நடுவில்தான் இயேசு தம் பாடுகளை மூன்று முறை அறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33-34). மூன்று முறையும் சீஷர்களுக்கு அது தெளிவாகவில்லை. மாற்கு எதற்காக இப்படி அடுக்கினார் என்பது இப்போது விளங்கத் தொடங்கும். கடைசி வசனத்தில் பர்திமேயு "வழியிலே" பின்செல்கிறான். அடுத்த அதிகாரம் எருசலேம். பார்வை பெற்றதும் அவன் கண்ட முதல் பாதை சிலுவைக்குப் போகும் பாதை.

இதை ஒரு நாளில் காண முடியாது. 8-ஆம் அதிகாரத்தை இரண்டு வாரத்துக்கு முன் வாசித்து நோட்டில் குறித்திருந்தால்தான் பிடிபடும். தொடர்ந்து ஒரே புத்தகத்தில் இருங்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான். நோட்டின் கடைசி வரி இப்படி இருக்கலாம்: "இயேசு இன்று என்னிடம் அதே கேள்வியைக் கேட்டால் நான் கேட்பது இடமா, பார்வையா?"

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றி

அட்டையில் வரும் வசனம் பலருக்கு இருட்டில் கைப்பிடியாக இருந்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேர் இல்லாமல் வெட்டிவைத்த பூ நெடுநாள் நிற்காது. எரேமியா 29:11-இன் "நினைவுகள்" யாருக்குச் சொல்லப்பட்டன? பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு. முந்தின வசனமே எழுபது வருஷம் என்று சொல்கிறது. அங்கேயே வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்பது கட்டளை. இது தெரிந்து அந்த வசனத்தைப் பிடிப்பவர், இந்த மார்ச்சுக்குள் வேலை கிடைக்காவிட்டாலும் விசுவாசத்தில் உடைந்துபோகமாட்டார். பிலிப்பியர் 4:13-உம் அப்படியே: முந்தைய இரண்டு வசனங்களில் பவுல் பேசுவது பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றி. எனவே அட்டையில் ஒரு வசனம் கிடைத்தால் அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் திறந்து வாசித்துவிடுங்கள்.

வாசிப்பு நின்றுபோகும் இடங்கள்

நான்கு நாள் விட்டுப்போனால் விட்டதைச் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம். பாக்கி ஏறிய கணக்குப் புத்தகத்தைத் திறக்க யாருக்கும் மனம் வராது. நின்ற இடத்திலிருந்து இன்றைய பத்து வசனம், அவ்வளவே.

மனம் அலைந்தால், அலையும் விஷயத்தை நோட்டின் பின்பக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: கேஸ் பதிவு, பள்ளிக் கட்டணம், அக்காவுக்குப் பதில். எழுதிவிட்டால் அது மறுபடி கதவைத் தட்டாது. ஜெப நேரத்தில் அந்தப் பட்டியலையே ஆண்டவர்முன் வைக்கலாம்.

ஒன்றும் தோன்றாத, நெஞ்சு வறண்ட வாரங்கள் எல்லாருக்கும் வரும். அப்போது மாற்குவைச் சற்று நிறுத்தி, புலம்பல் சங்கீதங்களுக்குப் போங்கள். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை வெளிச்சமே இல்லாமல் முடிகிறது. அப்படியொரு ஜெபமும் வேதத்தில் இருக்கிறது என்று அறிவதே சில நாட்களில் போதுமான ஆகாரம்.

தீர்மானங்கள் காற்றில் போவதற்குக் காரணம் அவை பெரிதாக இருப்பது. "எல்லாரிடமும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் மாலையில் செய்தோமா இல்லையா என்று சொல்ல முடியாது. "இன்று மாலை ஆறு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்து, பணத்தைப் பற்றிப் பேசாமல் உடல்நலம் விசாரிப்பேன்" என்று எழுதுங்கள். மறுநாள் நோட்டைத் திறந்ததும் முதல் வேலை அந்த வரிக்குப் பக்கத்தில் செய்ததா, செய்யவில்லையா என்று குறிப்பது.

வாரம் ஒரு மனன வசனம் போதும். அந்த வாரம் வாசித்த பகுதியிலிருந்தே எடுங்கள். ஒரு பக்கம் வசனம், மறுபக்கம் புத்தகமும் எண்ணும் எழுதிய சிறு அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். பேருந்து நிறுத்தத்தில் சொல்லிப் பாருங்கள். பழைய அட்டைகளை மாதம் ஒரு முறை எடுத்துப் பார்க்காவிட்டால் மறந்துபோகும்.

ஞாயிறு மாலை புதிய பகுதி வேண்டாம். ஆறு நாள் குறிப்புகளையும் திரும்ப வாசித்து, ஓரத்துக் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து வீட்டாரிடமோ, ஜெபக்குழுவில் ஒருவரிடமோ, ஆயரிடமோ கேளுங்கள். தனியாகவே வாசித்துக்கொண்டிருந்தால், நம் தவறான புரிதலை ஆவியானவர் சொன்னதாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. தன் நோட்டை இன்னொருவரிடம் காட்டத் தயங்காதவருக்கு அந்த ஆபத்து குறைவு.

மாற்கு முடிந்ததும் பிலிப்பியர். நான்கே அதிகாரம், இரண்டு வாரம். பிறகு ஆதியாகமம் 12 முதல் 50 வரை, இடையிடையே தினம் ஒரு சங்கீதம். அதன்பின் அப்போஸ்தலர். புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள். பழக்கம் வேரூன்றியபின் வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஓர் அதிகாரம் என்றால் 52 வாரத்தில் முடியும், வாரக் கடைசி திரும்பிப் பார்க்க மிஞ்சும். லேவியராகமத்துக்கு இரண்டாம் ஆண்டில் வாருங்கள். ஒரு விரலை லேவியராகமம் 16-இலும் இன்னொரு விரலை எபிரெயர் 9-இலும் வைத்துக்கொண்டு, பிரதான ஆசாரியன் கூடாரத்தின் திரைக்குள் இரத்தத்தோடு நுழைவதை இரண்டு இடத்திலும் மாற்றி மாற்றி வாசியுங்கள். முதல் ஜனவரியில் அலுப்புத் தட்டிய அந்தத் திரையின் விவரங்களுக்காக நீங்களே யாத்திராகமத்துக்குத் திரும்பிப் போவீர்கள்.